பிள்ளைகள் இல்லத்தில் மனக்காய ஆதரவு: முழுநேர கவுன்சிலரா, வந்துபோகும் சைக்காலஜிஸ்ட்டா, ஹவுஸ் மதருக்குப் பயிற்சியா?

இல்லம் நடத்துபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அடி, பாலியல் கொடுமை, தாய் தகப்பன் சாவு, தெருவில் கழிந்த வருடங்கள், பாதியில் நின்ற குழந்தைத் திருமணம் என்று ஆளுக்கொரு மனக்காயத்தைச் சுமந்து வந்தவர்கள் பலர். மனநலத்துக்கென்று ஒதுக்க முடிவது ஆண்டுக்கு இரண்டரை லட்சம். அதில் முழுநேர கவுன்சிலர் வைப்பதா? வாரம் ஒருநாள் சைக்காலஜிஸ்ட்டை வரவழைப்பதா? பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ் மதர் போன்ற, இருக்கிற பணியாளர்களுக்கே பயிற்சி கொடுப்பதா? அரசு மருத்துவமனையே போதுமா?

நான்கும் வேண்டும் என்று சொல்வது சுலபம். பணம் இல்லாதவரிடம் அப்படிச் சொல்லிப் பயனில்லை. எதை முதலில் செய்வது, எதை எப்போது சேர்ப்பது என்பதே இங்கே பேச்சு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவான, 6 முதல் 18 வயதுவரையுள்ள பிள்ளைகள் இருக்கும் தமிழ்நாட்டு இல்லம் ஒன்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். ரூபாய்க் கணக்குகள் அனைத்தும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

## எதை வைத்து அளப்பது

இரவில் யார் இருக்கிறார்? வாரத்துக்கு 168 மணி நேரம். மிகச் சிறந்த நிபுணர் வந்தாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அதில் ஒரு மணி. கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், சுவர் ஏறுதல், கையைக் கீறிக்கொள்ளுதல் எல்லாம் பெரும்பாலும் விளக்கணைத்த பிறகு நடப்பவை.

எத்தனை மாதம் அதே ஆள்? இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பலரால் விடப்பட்டவர்கள். நான்கு மாதத்தில் போய்விடும் ஆளிடம் மனத்தைத் திறக்க வைப்பது இன்னொரு இழப்பை ஏற்பாடு செய்வதுபோல.

சொன்னது யாரிடம் போகும்? கவுன்சிலிங் அறையில் பேசியது மறுநாள் சூப்பரின்டென்டென்ட் வாயிலிருந்து திட்டாகத் திரும்பி வந்தால், அந்தப் பிள்ளை மட்டுமல்ல, எந்தப் பிள்ளையும் இனி அங்கே வாய் திறக்காது.

அந்த ஆளுக்கு மேலே யார்? மனக்காயச் சிகிச்சை செய்பவருக்கு மூத்தவர் ஒருவரின் மேற்பார்வை தேவை. பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்கிய இல்லங்கள் மிகக் குறைவு.

சட்டப் பொறுப்பு. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் தெரியவந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல்துறையிடமோ தெரிவித்தாக வேண்டும். தவறினால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. தனக்குக் கீழே பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை. ஆகவே எந்த ஆலோசகரும், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது. எதைச் சொல்லாமல் வைத்திருக்க முடியும், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே, பிள்ளைக்குப் புரியும் பேச்சில், சொல்லிவிட வேண்டும்.

செலவு. சம்பளம் மட்டும் செலவல்ல. மாற்று ஆள், பயணம், பறிபோகும் பள்ளி நாள் எல்லாம் சேர்த்தி.

## அதற்கு முன்: எத்தனை பேருக்கு எது தேவை?

நாற்பது பேருக்கும் சிகிச்சை தேவையில்லை. நல்ல கவனிப்பு நாற்பது பேருக்கும் தேவை. யாருக்கு எது என்று பிரிக்காமல் ஆளைத் தேடினால், கத்துகிற பிள்ளைகள் மட்டும் கவுன்சிலரிடம் போவார்கள். சுவரோரம் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை கடைசிவரை கண்ணில் படாது.

பிள்ளைகளின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களைக் கண்டறிய உதவும் எஸ்.டி.க்யூ. வினாத்தாள் தமிழிலேயே கிடைக்கிறது. 25 கேள்விகள், பத்து நிமிட வேலை. 11 வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே நிரப்பலாம், சின்னவர்களுக்கு ஆசிரியரோ பராமரிப்பவரோ நிரப்ப வேண்டும். ஒரு சிக்கல்: அது கடந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்கும். போன வாரம் வந்த பிள்ளையைப் பற்றி ஹவுஸ் மதர் என்ன எழுதுவார்? யூகத்தைத்தான். ஆறு வாரமாவது பழகிய பிறகு நிரப்பச் சொல்லுங்கள்; அதுவரையில் பள்ளி ஆசிரியரையும் கேளுங்கள். மனக்காயத்துக்கென்றே உள்ள க்ரைஸ்-8 எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. எட்டே கேள்விகள், 17-ம் அதற்கு மேலும் வந்தால் முறையான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டுமே வடிகட்டிகள். மதிப்பெண்ணைப் பார்த்து, “இவளுக்கு பி.டி.எஸ்.டி.” (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) என்று கேஸ் ஃபைலில் எழுதிவிடாதீர்கள். ஃபைலில் ஏறிய சொல் அந்தப் பெண் 18 வயதில் வெளியேறும்வரை கூடவே வரும்.

## வழி 1: முழுநேர கவுன்சிலர்

கிடைப்பது. பிள்ளை பள்ளிவிட்டு வரும் முகத்தை தினமும் பார்க்கும் ஒருவர். பிரச்சினை முற்றும் முன்பே கவனிக்க முடியும். பள்ளிக்கும், பிள்ளையை எங்கே வைப்பது என்று உத்தரவு போடும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போய்ப் பேச முடியும். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் நூறு பிள்ளைகளுக்கு இரண்டு ஆலோசகர்கள் என்று சொல்கின்றன. நாற்பது பேருக்கு ஒருவர் என்பது அதற்குப் பொருந்திவரும்.

மறைந்திருக்கும் செலவு. மாதம் 25,000 சம்பளம் என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சம். மேற்பார்வைக்கு மாதம் இருமுறை 1,500 என்றால் இன்னும் 36,000. இந்த இரண்டாவது தொகையை வெட்டிவிட்டால் முதல் தொகையும் வீண்தான். ஆனால் பணத்தைவிடப் பெரிய செலவு வேறு: அந்த ஆள் கவுன்சிலராகவே இருக்க விடப்படுவதில்லை. வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆனதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் படிவம் 7 எழுதுபவர் அவர்தான். நலக் குழு அமர்வுக்குப் பிள்ளையை அழைத்துப் போவது, ஆதார் திருத்தம், பள்ளியில் மாற்றுச் சான்றிதழ், நன்கொடையாளர் வந்தால் இல்லத்தைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் அவர் தலையில். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார் என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் நீங்கள் வைத்திருப்பது கிளார்க்.

எங்கே கெடும். இரண்டு இடங்களில். முதலாவது, தண்டனை. “கவுன்சிலர் ரூமுக்குப் போ” என்பது முட்டி போடு என்பதற்குப் பதிலாக வந்துவிடும். அப்புறம் அந்த அறைக்குள் போகிற பிள்ளை உடம்பை இறுக்கிக்கொண்டுதான் போகும். இரண்டாவது, அறை. சூப்பரின்டென்டென்ட் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும், கதவில் கண்ணாடி, வெளியே கேரம் ஆடுகிற பையன்கள் என்று இருந்தால் யார் அழுதார்கள் என்பது இரவுச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்காகக் கதவை முழுக்க மறைப்பதும் சரியல்ல. பெரியவர் ஒருவரோடு தனியே அடைபடுவதே சில பிள்ளைகளுக்குப் பழைய பயம். வெளியிலிருந்து ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது என்கிற அளவுக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் மங்கல் தாள் ஒட்டுங்கள். பிள்ளையின் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வழியை மறித்துக்கொண்டு ஆலோசகர் உட்காரக் கூடாது.

எப்போது இதுவே சரி. அறுபது எழுபது பிள்ளைகளுக்கு மேல் இருக்கும்போது. புதிதாக வருவதும் போவதும் ஓயாமல் நடக்கும் வரவேற்பு இல்லத்தில். கேஸ் ஒர்க்கர் தனியாக இருந்து, ஃபைல் வேலை கவுன்சிலரைத் தொடாத இடத்தில்.

## வழி 2: வாரம் ஒருநாள் வரும் சைக்காலஜிஸ்ட்

கிடைப்பது. உண்மையான சிகிச்சை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவு-நடத்தைச் சிகிச்சையில், அதாவது டி.எஃப்-சி.பி.டி.யில், பயிற்சி பெற்றவராகவும் இருந்தால் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பி.டி.எஸ்.டி. உள்ள பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்தவற்றில் இதுவும் கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் அடக்கம். டி.எஃப்-சி.பி.டி.யின் வரிசை முக்கியம். முதல் மூன்றில் ஒரு பங்கு மூச்சு, உணர்ச்சிக்குப் பெயர் வைத்தல், பயத்தைத் தணித்தல். அடுத்த பங்கில்தான் நடந்ததைச் சொல்லுதல். கடைசிப் பங்கில் பராமரிப்பவரோடு சேர்ந்து உட்காருதல். முதல் நாளே, “என்ன நடந்துச்சு, சொல்லு” என்று தொடங்குபவரை மறுவாரம் வரச் சொல்லாதீர்கள்.

கணக்கு. ஒருநாளில் ஐந்து அமர்வுதான் உருப்படியாக முடியும். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள், பொங்கல், தீபாவளி, மே விடுமுறை போக ஆண்டுக்கு 36 வாரம் கிடைக்கும். ஆக 180 அமர்வு. ஒரு பிள்ளைக்கு 15 அமர்வு என்றால் பன்னிரண்டு பேர். அமர்வுக்கு ஆயிரம் ரூபாய் வைத்தால் 1,80,000, பயணம் தனி. நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு மூன்று அமர்வு கொடுத்தால் ஆண்டறிக்கையில் எண் அழகாக இருக்கும், ஒரு பிள்ளைக்கும் சிகிச்சை நடந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவு. அமர்வு முடிந்த இரவு. பழையதைப் பேசிவிட்டு வந்த பிள்ளைக்கு அன்றும் மறுநாளும் தூக்கம் கெடலாம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளலாம், சின்னவனை அடிக்கலாம். சைக்காலஜிஸ்ட் அப்போது பஸ்ஸில் இருப்பார். அவர் கிளம்பும் முன் ஹவுஸ் மதரிடம் மூன்று வரி சொல்லிவிட்டுப் போக வேண்டும்: இன்று இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் கனமான நாள், இரவில் இதைச் செய்யுங்கள், இப்படி ஆனால் எனக்குப் போன் போடுங்கள். பேசிய விஷயம் அதில் இருக்கத் தேவையில்லை. எல்லோருக்கும் வசதி என்று சனிக்கிழமையை வைப்பார்கள். ஞாயிறன்று பணியாளர் குறைவு, உறவினர் வரும் நாளும் அதுதான். யாரும் வராத பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நாள். செவ்வாயோ புதனோ பள்ளிவிட்டு வந்ததும் வைப்பது மேல். கிரிக்கெட் நேரத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே கெடும். மே மாதத்தில். விடுமுறைக்கு வீட்டுக்குப் போன பிள்ளை ஜூனில் திரும்பாது. குடும்பத்தோடு சேர்க்கும் உத்தரவு வந்திருக்கும். நடந்ததைச் சொல்லும் கட்டத்தின் நடுவில் அறுந்தால், தொடங்காமல் இருந்ததைவிட மோசம். சிகிச்சையை ஜூன், ஜூலையில் தொடங்குங்கள். தொடங்கும் முன் நலக் குழுவிடம், அடுத்த நான்கு மாதத்துக்குள் இந்தப் பிள்ளையை மாற்றும் எண்ணம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உண்டு என்றால் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வழக்கு நடக்கிறது என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஆலோசகர் விசாரணை அதிகாரியாக மாறக் கூடாது. பிள்ளை தானாகச் சொன்னதை அதன் சொற்களிலேயே குறித்துவைத்தால் போதும்.

எப்போது இதுவே சரி. க்ரைஸில் எல்லையைத் தாண்டிய ஏழெட்டுப் பேர் தெளிவாகத் தெரியும்போது. 17 வயதானவர்களுக்கும் இதுதான் பொருத்தம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவுப் பின்பராமரிப்பு 21 வயதுவரை உண்டு. இல்லத்தின் கவுன்சிலர் வாசலோடு நின்றுவிடுவார், வெளி ஆள் என்றால் தொடரலாம்.

இந்த இடத்தில் ஒன்று. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை), உளவியல் மாணவர்கள் களப்பயிற்சிக்கு இலவசமாக வருவார்கள். எஸ்.டி.க்யூ. நிரப்ப, வீட்டுப்பாடத்துக்கு, விளையாட, நல்ல துணை. மனக்காயத்தைத் திறக்க அவர்களை விடாதீர்கள். ஒரு பருவத்தில் போய்விடுவார்கள் என்பதை வந்த அன்றே பிள்ளைகளிடம் தேதியோடு சொல்லுங்கள்.

## வழி 3: ஹவுஸ் மதருக்கும் வாட்ச்மேனுக்கும் பயிற்சி

கிடைப்பது. மீதி 167 மணி நேரம். இதற்கு ஒரு காட்சி போதும். இரவு இரண்டு மணி, ஒன்பது வயதுப் பையன், பாய் நனைந்திருக்கிறது. பயிற்சி இல்லாத இடத்தில் டியூப்லைட் போடப்படும், “இந்த வயசுல வெக்கமா இல்ல?” என்ற குரல் வரும், காலையில் பாய் எல்லோர் கண்ணெதிரிலும் கொடியில் காயும். பயிற்சி உள்ள இடத்தில் கட்டில் கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போர்வையை இழுப்பதில்லை, தோளைத் தொடுவதில்லை. தூக்கத்தில் தொடப்பட்டதுதான் அந்தப் பையனுக்கு நடந்ததாக இருக்கலாம். “நான் மேரி அம்மா. நீ ஹோம்லதான் இருக்க. மணி ரெண்டு. எல்லாரும் தூங்குறாங்க.” யார், எங்கே, எப்போது என்பது அந்த நான்கு வாக்கியத்தில் வந்துவிடும். மாற்றுத் துணி பையன் கைக்கு எட்டும் தட்டிலேயே இருக்கும், நனைந்ததைப் போட மூடியுள்ள வாளி குளியலறைக்குள் இருக்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது.

தலையணைக்கடியில் இட்லி ஒளித்துவைப்பதும் அப்படித்தான். திருட்டு என்று மிரட்டினால் இன்னும் ஆழமாக ஒளிக்கும். பிஸ்கட்டும் வாழைப்பழமும் எப்போதும் எடுக்கலாம் என்று ஒரு கூடை வைத்தால் சில வாரம் கூடை காலியாகிக்கொண்டே இருக்கும், அப்புறம் அடங்கும். செலவு அதிகமாகிறது என்று பத்தாம் நாள் கூடையை எடுத்துவிடும் இல்லங்களில்தான் இந்த முறை ‘வேலை செய்யாது’.

கதையை யாரும் கிண்டக் கூடாது என்பதும் பயிற்சியின் பகுதிதான். “சொல்லணும்னு தோணுச்சுன்னா கேக்குறேன். சொல்லலன்னாலும் இங்கதான் இருப்பேன்” என்பதற்குமேல் ஹவுஸ் மதர் பேச வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு. தொடக்கத்தில் இரண்டு நாள், நாளுக்கு 10,000 என்றால் 20,000. மாதம் இரண்டு மணி நேரத் தொடர்கூட்டம் 3,000 வீதம் 36,000. பயிற்சி நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க மாற்று ஆள் இருவர், 14 நாள், 700 வீதம் 19,600. மொத்தம் 75,600. மாற்று ஆளை வெட்டினால் ஹவுஸ் மதர் சமையலறையை எட்டிப் பார்த்துக்கொண்டே பயிற்சியில் உட்கார்ந்திருப்பார். தொடர்கூட்டத்தை வெட்டினால் மூன்றாம் மாதம் பழைய குரல் திரும்பிவிடும். ஒருநாள் கருத்தரங்கும் ஒரு சான்றிதழும் எதையும் மாற்றாது. பயிற்சிப் பொருளுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸின் சம்வாத் திட்டம் உருவாக்கியவற்றைப் பார்க்கலாம்.

எங்கே கெடும். ஆள் எண்ணிக்கையில். அதே மாதிரி விதிகள் நூறு பிள்ளைகளுக்கு நான்கு ஹவுஸ் மதர் என்கின்றன. ஷிப்டும் விடுப்பும் போக இரவில் ஒருவரோ இருவரோதான். மாதம் இரண்டு நாள் விடுப்போடு 24 மணி நேரமும் உள்ளேயே இருப்பவரிடம் பொறுமையைப் பயிற்சியால் வரவழைக்க முடியாது. அவர் தூங்க வேண்டும். நிர்வாகமே பிரம்பை விடவில்லை என்றாலும் வீண். இல்லத்தில் உடல் தண்டனைக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-ஆம் பிரிவில் முதல்முறை பத்தாயிரம் அபராதம், மறுமுறை மூன்று மாதம்வரை சிறை என்பதைப் பயிற்சி அன்று முதலில் அறங்காவலர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எப்போது இதுவே சரி. பெரும்பாலும் எப்போதும், முதல் செலவாக.

## வழி 4: அரசு மருத்துவமனையும் 14416-ம்

மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவு, 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய, 14416 எண்ணில் கூப்பிடக்கூடிய தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ். மூன்றும் இலவசம். தற்கொலைப் பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், இல்லாத குரல் கேட்பது, மருந்து தேவைப்படும் நிலை ஆகியவற்றுக்கு வேறு வழியை யோசிக்கவே கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

வாராந்திர பேச்சுச் சிகிச்சைக்கு இதை நம்ப முடியாது. ஓ.பி.யில் ஒரு முழு நாள் போகும், பள்ளி போகும், கூட ஒரு பணியாளர் போக வேண்டும், அடுத்த முறை வேறு டாக்டர் இருப்பார். மாத்திரை எழுதினால் இரண்டு கவனம்: பூட்டிய அலமாரி, தீரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மறுபடி வாங்கும் குறிப்பு. பிள்ளை விடுமுறைக்கோ வேறு இல்லத்துக்கோ போகும்போது மாத்திரையும் சீட்டும் பின்தங்கிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. தூக்கத்துக்கு என்று டையசெபாம் வகை மாத்திரை கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத் தூக்கமின்மைக்குப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழுநேர கவுன்சிலர் | வரும் சைக்காலஜிஸ்ட் | பணியாளர் பயிற்சி | அரசு மருத்துவமனை |
|---|---|---|---|---|
| இரவில் | இல்லை | இல்லை | உண்டு | அவசரத்துக்கு மட்டும் |
| தொடர்ச்சி | வேலையை விடும்வரை | ஒப்பந்தம் நன்றாக இருந்தால் | ஆள் மாறாதவரை | குறைவு |
| ரகசியம் | சிக்கல் | நன்று | கதை கேட்காததால் கவலை குறைவு | நன்று |
| ஆழமான சிகிச்சை | தகுதியைப் பொறுத்தது | உண்டு | இல்லை | மருந்து, நோயறிதல் |
| ஆண்டுச் செலவு (எடுத்துக்காட்டு) | 3,36,000 | 1,80,000 + பயணம் | 75,600 | இலவசம். நாள்கள் போகும் |
| கெடும் இடம் | ஃபைல், தண்டனை | மே மாதம், அமர்வு முடிந்த இரவு | ஆள் பற்றாக்குறை | காத்திருப்பு |

## இரண்டரை லட்சத்தை எப்படிப் பிரிப்பது

நாற்பது பிள்ளைகள் என்றால் எங்கள் கணக்கு இது. முதல் மூன்று மாதம் பயிற்சி மட்டும். அதற்குள் எஸ்.டி.க்யூ., க்ரைஸ் முடிந்திருக்கும். பிறகு சைக்காலஜிஸ்ட்டுக்கு வாரம் அரைநாள், மூன்று அமர்வு: முழு ஆண்டுக் கணக்கில் 36 வாரத்துக்கு 1,08,000, ஏழு பிள்ளைகள். பயிற்சியோடு சேர்த்து 1,83,600. மீதி அறுபத்தாறாயிரத்தில் பூட்டும் பெட்டி ஆளுக்கொன்று, கூடுதல் விரிப்பு, மங்கலான இரவு விளக்கு, பயணம், மேற்பார்வை. முழுநேர கவுன்சிலர் இந்தத் தொகையில் வேண்டாம்.

வரிசையை மாற்றிச் சைக்காலஜிஸ்ட்டை முதலில் கொண்டுவந்தால், பகலில் அவர் தணித்ததை இரவில் டியூப்லைட் கலைத்துக்கொண்டிருக்கும். ஏழு பேருக்கு மேல் தேவை இருந்தால் குறுகிய முறைகள் உண்டு. வடகிழக்கு இலங்கையில் சுனாமிக்குப் பின் 31 தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் தனித்தனியே ஆறே அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பாதிக்கு நடந்ததைக் கதையாகச் சொல்லும் சிகிச்சை, மறு பாதிக்குத் தியானமும் தளர்வும். 2009-ல் வெளியான முடிவின்படி இரு பாதியுமே தேறின. ஆறு அமர்வு, எளிய முறை, உள்ளூர் ஆள் என்பதும் சாத்தியம்தான். ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்த இடம் அது.

இந்தப் பங்கீட்டை முடிவு செய்யும் கூட்டத்தில் இரவுப் பணியில் இருப்பவரும் உட்கார வேண்டும். காலை பத்து மணிக்கு வைத்தால் அவர் தூங்கப் போயிருப்பார். மாலை நாலு மணிக்கு வையுங்கள்.